ஒரே கல்யாணம், இரண்டு ஆல்பம்

2024 ஐப்பசியில் ஒரு போன். "அண்ணே, நீங்க எடுத்த எங்க கல்யாண ஆல்பம் நனைஞ்சு போச்சு. திரும்பப் போட்டுத் தர முடியுமா?" வீடு மாறியபோது பரணில் ஏற்றிய பெட்டி, மேலே தளம் ஒழுகியிருக்கிறது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கப் போனால் படத்தின் மேல்தோல் உரிந்து வருகிறது என்றார்.

அந்தக் கல்யாணம் 2010 தை மாதம் ஒட்டன்சத்திரத்தில் நடந்தது. போனில் பேசியவர்தான் பெண். அவருடைய அப்பாவுக்குக் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி. ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்து வெளியே வந்தபின், என் பொறுப்பில் ஒத்துக்கொண்ட நாலாவது கல்யாணம் அது. கையில் நிக்கான் டி90, அதோடு வந்த 18-105 லென்ஸ், ஒரு எஸ்பி-600 ஃபிளாஷ், இரண்டு 4 ஜிபி கார்டு. அவ்வளவுதான் சொத்து.

ஆல்பத்துக்கு மறுபிரதி கேட்டால் வழக்கமாக வேலை சுலபம். ஷீட் ஃபைல்களை லேபுக்கு அனுப்பினால் இரண்டு வாரத்தில் வந்துவிடும். இதில் சிக்கல், வடிவமைத்துக் கொடுத்தது வேறொரு கடை. அந்தக் கடை மூடி வருடக்கணக்கு ஆகிறது. என்னிடம் இருந்தவை கார்டிலிருந்து இறக்கிய ஆயிரத்துச் சொச்சம் படங்கள் மட்டும். டிவிடியில் எழுதி வைத்த பிரதி படிக்கவே இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று, நல்லவேளை, இரண்டு மூன்று முறை முனகிவிட்டுத் திறந்தது.

ஆக, அதே படங்களிலிருந்து மறுபடி பொறுக்க வேண்டும். நனைந்த ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரே கல்யாணத்துக்கு ஒரே ஆள், பதினாலு வருட இடைவெளியில் செய்யும் இரண்டு தேர்வுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளி நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, படம் படமாக எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டின் சாரம்தான் இது.

முந்தின நாள் ரிசப்ஷன்

முதலில் கண்ணில் பட்டது இருட்டு. மேடையில் நிற்பவர்கள் பளிச்சென்று இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டி ஒன்றுமில்லை. மண்டபம் முழுக்க சீரியல் லைட்டும், எல்லாத் தூணிலும் டியூப் லைட்டும் எரிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்திலோ ஏதோ குகைக்குள் கல்யாணம் நடந்த மாதிரி இருக்கிறது.

படத்துக்குள் காமிரா எழுதி வைத்திருக்கும் எக்சிஃப் குறிப்புகளைப் பார்த்தேன். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்வு) 200, லென்ஸின் துவாரம் எஃப் 8 (எண் ஏற ஏறத் துவாரம் சிறுக்கும், தெளிவு ஆழமாகும்), ஷட்டர் 1/200 நொடி. அடுத்த படமும் அதேதான். அதற்கடுத்ததும். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்து வரை ஒரு தடவைகூட மாற்றவில்லை. இந்த அமைப்பில் மண்டப விளக்கு எதுவும் சென்சாரில் ஏறாது. ஃபிளாஷ் எட்டும் தூரம்தான் படம். தூரம் இரட்டித்தால் ஃபிளாஷ் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்பதால், தம்பதிக்கு அளவான வெளிச்சம் பின்வரிசை நாற்காலிகளுக்குப் போய்ச் சேர வாய்ப்பே இல்லை.

இந்த எஃப் 8 என் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்டூடியோ அண்ணன் எனக்குக் கொடுத்த மந்திரம். அவர் பிலிமில் வளர்ந்தவர். ஒரு ரோலுக்கு 36 படம், ஒவ்வொன்றுக்கும் காசு, கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்று தெரியாது. "எட்டுல வை. யாரு முன்ன நின்னாலும் பின்ன நின்னாலும் விழுந்துரும்" என்பார். டிஜிட்டல் வந்து, ஐஎஸ்ஓவை ஒரு சக்கரம் திருப்பி மாற்றலாம் என்ற காலத்திலும் நான் எட்டில்தான் நின்றேன். காமிரா புதிது, கை பழையது.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஃபிளாஷை நேராக அடித்ததால் ஒவ்வொருவர் பின்னாலும் திரையில் ஒரு கரிய நிழல். வீடியோக்காரரின் ஆலஜன் லைட் பட்ட கன்னம் மட்டும் ஆரஞ்சு. பதினெட்டு எம்எம்மில் குரூப் எடுத்ததால் ஓரத்தில் நின்ற சித்தப்பாக்கள் எல்லாம் ஒன்றரை மடங்கு அகலம். பந்தியில் வாயில் சோறு வைத்தபடி நிமிர்ந்து பார்த்து முறைக்கும் மனிதர்கள் முப்பது பேராவது தேறுவார்கள். அவர்களிடம் இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கலாம். காமிராவைச் சாய்த்துப் பிடித்து எடுத்த "ஸ்டைல்" படங்கள் ஒரு கொத்து. அதில் ஒன்றில் மாப்பிள்ளை மேடையிலிருந்து சரிந்து விழப்போகிறவர் மாதிரி இருக்கிறார்.

ஆறு மணி நாற்பத்தேழு

நான் உண்மையில் பயந்துகொண்டு திறந்தது முகூர்த்தப் படங்களை. ஏன் என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். தாலி கட்டிய படத்தை நான் தவறவிட்டேன். அதற்குப் பதினாலு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், ஃபிளாஷின் பேட்டரி செல் தீர்ந்துவிட்டது என்பது.

எக்சிஃப் வேறு கதை சொல்கிறது. படத்தின் ஃபைல் பெயர் டிஎஸ்சி_0611, காலை 6:47:09. கெட்டிமேளம் ஆரம்பித்த நொடி. ஃபிளாஷ் எரிந்திருக்கிறது. மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்தருகே போகிறது, ஆனால் முன்னால் பறக்கும் அட்சதை ஃபிளாஷில் வெளுத்து, வெள்ளை வெள்ளைப் பொட்டாகக் கையையே மறைத்துவிட்டது. 0612, ஒரு நொடி கழித்து: இருட்டு. 0613, அதற்கும் ஒரு நொடி கழித்து: இருட்டு. 0614ம் 0615ம் இல்லவே இல்லை. 0616, 6:47:19: பளிச்சென்று விழுந்திருக்கிறது, ஆனால் அதற்குள் சொந்தக்காரப் பெண்கள் குனிந்து தம்பதியை மறைத்துவிட்டார்கள். தெரிவது மூன்று கொண்டைகளும் ஒரு கொத்து மல்லிகையும்.

செல் தீர்ந்திருந்தால் 0616 எப்படி அவ்வளவு வெளிச்சமாக வரும்? அதன் பிறகு அன்று காலை நானூறு படங்கள் ஃபிளாஷோடு எடுத்திருக்கிறேனே.

நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஃபிளாஷின் கைட் நம்பர், அதாவது எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரத்தைத் தரும் எண், ஐஎஸ்ஓ 100இல் 30. முப்பதை எட்டால் வகுத்தால் மூன்றே முக்கால் மீட்டர். ஐஎஸ்ஓ 200 என்பதால் ஐந்து மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மணவறைக்கும் நான் நின்ற இடத்துக்கும் இடையில் ஏறக்குறைய அதே ஐந்து மீட்டர். அதாவது ஒவ்வொரு அடிக்கும் ஃபிளாஷ் தன்னிடம் உள்ள பலத்தை எல்லாம் கொட்ட வேண்டியிருந்தது. முழுசாகக் கொட்டினால் மறுபடி நிரம்ப மூன்று நொடியாவது வேண்டும். நான் நொடிக்கு ஒன்றாக அழுத்திக்கொண்டிருந்தேன். முதல் அடி விழுந்தது, அடுத்தவை எல்லாம் காலி.

அதே இடத்தில் ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6 என்று வைத்திருந்தால் எட்டில் ஒரு பங்கு பலம் போதும். ஃபிளாஷ் தயங்காமல் அடுத்தடுத்து அடித்திருக்கும். டி90க்கு ஐஎஸ்ஓ 800 ஒரு பொருட்டே இல்லை. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். செல் மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

சரி, 0614ம் 0615ம் எங்கே? நான்தான் அழித்தேன். கார்டில் இடம் குறைவு, சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் எடுத்தாலே ஒரு கார்டுக்கு ஐந்நூற்றுச் சொச்சம்தான் என்பதால், இடையிடையே திரையில் பார்த்து வேண்டாததை அழிப்பது என் வழக்கம். கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் போயிருக்கிறேன்: 0616ஐ வைத்துக்கொண்டு, இருட்டாக இருந்த இரண்டை அழித்துவிட்டு, மூன்றாவதை அழிப்பதற்குள் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். 0612ம் 0613ம் பிழைத்தது அப்படித்தான்.

யார் கூப்பிட்டது என்பதும் நினைவிருக்கிறது. பெண்ணின் பெரியப்பா. "தம்பி, கட்டுற படம் விழுந்துச்சுல்ல?" விழுந்தது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் வியர்த்துவிட்டு, ஐயரிடம் போய் மெதுவாக, இன்னொரு முறை கட்டுகிற மாதிரி வைத்து எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "அதெல்லாம் ஒரு தடவைதான்பா. கைய மட்டும் வெச்சுக்கச் சொல்றேன், சீக்கிரம் எடு." அதுதான் 0631, காலை 6:58. ஆல்பத்தில் இரண்டு பக்கம் அகலத்துக்கு, முப்பத்தாறு அங்குலத்துக்கு விரிந்து கிடக்கும் படம்.

அதை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை தாலி "கட்டிக்கொண்டே" காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பெண்ணின் தலைமுடியில் ஏற்கெனவே அட்சதை சிதறிக் கிடக்கிறது. வகிட்டில் குங்குமம் இருக்கிறது. தாலி ஏறிய பிறகு வைக்கும் குங்குமம், தாலி ஏறுகிற படத்தில்! டிசைன் செய்தவர் கவனிக்கவில்லை, லேபில் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அப்புறம் 0613. வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன். ஏற்ற ஏற்ற இருட்டுப் பகுதியில் திட்டுத் திட்டாக நிறம் பிரிந்தது. சென்சார் பிடித்ததை ஜேபெக் ஆக்காமல் வைக்கும் ரா வடிவில் எடுத்திருந்தால் இந்தக் காமிராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 4096 படிகள், ஜேபெக்கில் 256. இருட்டுக்குள் ஜேபெக் மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். 2023இல் படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில், புள்ளி புள்ளியான இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் வந்தபோது அதுவும் ரா கோப்புகளுக்கு மட்டுமே வேலை செய்தது, பழைய ஜேபெக்கை வைத்துக்கொண்டு ஏக்கமாகப் பார்த்ததுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினேன். படம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஃபிளாஷ் எரியாததால் அதில் இருக்கும் ஒரே வெளிச்சம், இடப்பக்கம் லைட் பாய் தூக்கிப் பிடித்திருந்த ஆலஜன். அது பக்கவாட்டில் விழுந்து, மாப்பிள்ளையின் விரல் கணுக்கள், முடிச்சு, மஞ்சள் கயிற்றின் முறுக்கு எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. பெண் கண்ணை மூடியிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு கை ஜடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அந்தக் கைக்கு உரியவர் படத்தில் இல்லை. வலது ஓரத்தில் பெண்ணின் அப்பா. சுற்றி இருந்த அத்தனை பேரும் அட்சதையை வீசிவிட்டு வெறுங்கையை நீட்டியபடி நிற்கிறார்கள். அவர் கை மட்டும் இன்னும் மூடியே இருக்கிறது.

இரண்டாவது தேர்வும் அதன் கதியும்

இந்த ஒரு படம் கிடைத்த தெம்பில் மளமளவென்று பொறுக்கினேன். இன்றைய கண்ணோடுதான். பழைய ஆல்பத்தில் நாற்பது ஷீட், சுமார் இருநூற்று இருபது படங்கள். என் புதிய தேர்வில் தொண்ணூறு. தாமரைப்பூவுக்குள் உட்கார்ந்த தம்பதி, ஒயின் கிளாஸுக்குள் மிதந்த தம்பதி எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தேன். ரிசப்ஷனில் வரிசையில் வந்து பரிசு கொடுத்து நின்ற குடும்பப் படங்கள் நூற்று எழுபதுக்கு மேல் இருந்தன. பழைய ஆல்பத்திலேயே அவை ஷீட்டுக்குப் பன்னிரண்டாகத் தபால்தலை அளவில்தான் போயிருந்தன. நான் அதையும் வெட்டி, எட்டே எட்டை வைத்தேன். ஒரே நிற்பு, ஒரே சிரிப்பு, என்ன இருக்கிறது அதில் என்று நினைப்பு.

பதிலாக, நாதஸ்வரக்காரர் சீவாளியை நாக்கில் நனைப்பது, பூ கட்டும் பாட்டி, மேடைக்குக் கீழே தூங்கும் குழந்தை இப்படிச் சேர்த்தேன். இவற்றில் பாதி அப்போது தவறுதலாக விழுந்தவை. போஸ் கொடுக்காமல் இயல்பாக விழும் படத்துக்கான கேண்டிட் என்ற சொல்லையே எங்கள் பக்கம் அப்போது யாரும் சொல்ல மாட்டார்கள். மாதிரி ஷீட்களை அனுப்பிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. ஒன்றில்லை, ஏழு. "அண்ணே, ரொம்ப அழகா இருக்குண்ணே" என்று தொடங்கிவிட்டு, மீதி ஆறிலும் யார் யார் விட்டுப்போனார்கள் என்ற பட்டியல். மண்டியில் தராசு பிடிக்கும் பச்சைச் சட்டை மாமா. கணக்குப்பிள்ளையும் அவர் சம்சாரமும். பள்ளிக்கூடத் தோழிகள் ஐந்து பேர், "அதுல ஒருத்தி இப்ப பேசறதில்ல, ஆனாலும் இருக்கட்டும்." கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவர் அண்ணன், ராத்திரி பதினொரு மணிக்கு லாரியை நிறுத்திவிட்டு வந்தவர். (எக்சிஃப்பில் 9:52. பரவாயில்லை.) கடைசியாக, அப்பா மேடையில் நின்ற ஒரே படம்; யாரோ பிடித்துத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தியது. "அப்பா அன்னைக்கு சாப்பிடவே இல்லண்ணே, அந்தப் படத்துலதான் கொஞ்சம் நின்னாரு."

அவர் கேட்டவற்றில் நான் சேர்த்த சீவாளி இல்லை, பூப் பாட்டி இல்லை. பூப் பாட்டி யார் என்றே அவருக்குத் தெரியவில்லை.

வரிசைப் படங்களை மறுபடி திறந்தேன், இந்த முறை முழு அளவில். ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியவில்லை. முன்னால் நிற்கும் குழந்தையிலிருந்து பின்வரிசைத் தாத்தா வரைக்கும், ஏன், பின்திரையில் தெர்மாக்கோலில் வெட்டிய பெயர் எழுத்து வரைக்கும் தெளிவு. இருபத்தெட்டு எம்எம், எஃப் 8, நாலு மீட்டர்: இரண்டேகால் மீட்டரில் ஆரம்பித்து மேடை முழுவதும் தெளிவுக்குள் வந்துவிடும். தராசு மாமாவின் சட்டைப் பையில் செருகிய பேனாவின் மூடி உடைந்திருப்பதுகூடத் தெரிகிறது. இன்றைக்கு நான் கல்யாணத்துக்குத் தூக்கிப்போகும் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.8இல் முழுசாகத் திறந்து அதே நாலு மீட்டரில் எடுத்தால், தெளிவின் ஆழம் கால் மீட்டர்தான். பின்வரிசையில் நிற்பவர்கள் பஞ்சு மாதிரி கரைந்திருப்பார்கள். போன வருடம் எடுத்த ஒரு கல்யாணத்தில் போய்ப் பார்த்தேன். கரைந்துதான் இருக்கிறார்கள்.

தாலி கட்டும் படத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட அதே எட்டுதான் இந்த நூற்று எழுபது குடும்பங்களையும் காப்பாற்றி வைத்திருந்தது. ஸ்டூடியோ அண்ணன் சொன்னது மேடைக்குச் சரி. மணவறைக்கு அதையே நான் தூக்கிக்கொண்டு போனதில்தான் தப்பு. இப்போது எஃப் 1.8ஐ மேடைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அதே வகைத் தப்புதானோ என்று நோட்டில் எழுதி, கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

பச்சைச் சட்டை மாமா முதல் டிரைவர் அண்ணன் வரை எல்லோரையும் ஷீட்டுக்கு ஆறு பேராகக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். முப்பத்தாறு ஷீட் ஆனது. அதன் பிறகு 0613ஐப் பற்றிப் பேச்செடுத்தேன். 0631 நாடகம் என்பதை அதற்கு முன் சொல்லியாக வேண்டுமே. இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றார். "குங்குமத்தப் பாத்துட்டு எங்க அத்தை ஆல்பம் வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க."

பதினாலு வருடம்! சரி, அப்படியானால் அதை எடுத்துவிட்டு இதை வைக்கலாமா என்றேன். வேண்டாம், அது அதே இடத்தில் அதே அளவில் இருக்கட்டும், அத்தை அங்கேதான் தேடுவார்கள் என்றார். 0613ஐத் தனியாகப் பிரேம் போட்டுக் கேட்டார். சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்பா அட்சதை போடவே இல்லையாண்ணே?" என்று மட்டும் கேட்டார். 0616இல் அவர் இல்லை, அதனால் எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

போனை வைக்கப் போகும்போது மறுபடி, "அண்ணே, இன்னொன்னு. அந்தத் தாமரைப்பூ டிசைன் எடுத்துட்டீங்கல்ல?"

எடுத்துவிட்டேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"பாப்பாவுக்கு அதுதாண்ணே பிடிக்கும். நனைஞ்சதுல அந்தப் பக்கத்த மட்டும் அவதான் வெயில்ல காயவெச்சு எடுத்து வெச்சிருக்கா."

பழைய பிஎஸ்டி (போட்டோஷாப் டிசைன் ஃபைல்) எதுவும் கையில் இல்லாததால் தாமரையைப் புதிதாகத்தான் வரைய வேண்டியிருந்தது. பெண்ணின் தலையிலிருந்த பூச்சரத்தைப் பென் டூலில் மொட்டு மொட்டாக வெட்டி எடுக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. பழைய டிசைனில் இதழ் ஏழா, எட்டா என்று கேட்டு அனுப்பினேன். பாப்பா எண்ணிப் பார்த்து ஒன்பது என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.